எண்ணெய்க் கைக்கு ஏற்ற போன்

ஜூன் பிறந்து மேற்கே மலை கறுத்துவிட்டால், தென்காசிக்காரன் ஒவ்வொருவனும் சம்பளமில்லாத வானிலை அதிகாரி. மதுரையிலிருக்கும் சித்தப்பா பேரன், சென்னையில் செட்டிலான கல்லூரித் தோழன், ஒரு கல்யாணப் பந்தியில் முறைத்துக்கொண்டு போனதோடு பேச்சை நிறுத்திய ஒன்றுவிட்ட மச்சினன் என்று அத்தனை பேருக்கும் திடீரென நம் ஞாபகம் வரும். “தண்ணி விழுதா?” என்பதுதான் முதல் கேள்வி. குற்றாலம் மெயினருவியில் எப்படி, ஐந்தருவியில் ஐந்து கிளையும் விழுகிறதா, பழைய குற்றாலத்தில் குளிக்க விடுகிறார்களா, இல்லை வெள்ளம் என்று தடை போட்டுவிட்டார்களா என்று துணைக் கேள்விகள் வேறு. இந்த அழைப்பெல்லாம் நாம் வீட்டில் சாய்வு நாற்காலியில் கிடக்கும்போது வராது. இலஞ்சியைத் தாண்டி, முன்னால் ஒரு டூரிஸ்ட் வேனும் பின்னால் ஒரு டூரிஸ்ட் வேனுமாக நெருக்க, ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதுதான் வரும்.

கையில் எடுத்துப் பேசினால் போலீஸ் பிடிக்கும். 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவில், ஓட்டும்போது போனைக் கையில் பிடித்துப் பேசுவதும் அடக்கம். முதல் தடவைக்கே 1,000 ரூபாயிலிருந்து 5,000 வரை அபராதம். சட்டமாவது மனசு வைத்தால் மீறக்கூடியது. எண்ணெயை மீற முடியாது. குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர் உச்சந்தலையில் ஊற்றி, முதுகில் தாளம் போட்டு அனுப்பிய பிறகு, எவ்வளவு நேரம் தண்ணீருக்கடியில் நின்றாலும் விரல் நுனியில் ஒரு மினுமினுப்பு தங்கிவிடும். அந்த விரலை வைத்தால் போன் ‘நீ யாரப்பா’ என்கிறது. வழுக்கி சீட்டுக்கு அடியில் போய் விழுந்துகொண்டு, அங்கிருந்தே மணி அடிக்கிறது.

ஆகவே காரே பேசட்டும், அதற்குத் தோதான போனாக ஒன்று வாங்குவோம் என்று தென்காசியில் ஒரு கடைக்குப் போனேன்.

கடைத் தம்பி கேமராவில் ஆரம்பித்தார். “அண்ணாச்சி, இதுல நெலாவ எடுத்தா பள்ளம் பள்ளமா தெரியும்.”

“நெலா கெடக்கட்டும் தம்பி. கார்ல புளூடூத் போட்டுப் பேசினா அங்கன உள்ளவனுக்குக் கேக்குமா?”

“புளூடூத் 5.3 அண்ணாச்சி! அதுக்கு மேல என்ன வேணும்?”

போன் பெட்டியின் மேல் அச்சடித்த எண்களிலேயே, கார் வைத்திருப்பவனுக்கு ரொம்பக் கொஞ்சமாக உதவுவது இதுதான். புளூடூத்தில் பாட்டுக்கு ஒரு பாதை, பேச்சுக்கு வேறொரு பாதை. பாட்டு போவது ஏ2டிபி வழியே. ஒரு பக்கமாக மட்டும் போவதால் விசாலமான சாலை. பேச்சு போய் வருவது ஹெச்எஃப்பி வழியே. எதிரும் புதிருமாக வண்டி வரும் சந்து. ஆதியில் இந்தச் சந்தில் குரலை விநாடிக்கு 8,000 தடவை மட்டும் அளந்து அனுப்பினார்கள். 2011இல் வந்த ஹெச்எஃப்பி 1.6 அதை 16,000 ஆக்கியது. ஆனால் போன், கார் இரண்டுக்கும் இந்தப் புது வித்தை தெரிந்திருக்க வேண்டும். ஒன்றுக்குத் தெரியாவிட்டாலும் இரண்டும் சேர்ந்து பழைய கணக்குக்கு இறங்கிவிடும். பழைய வண்டியில் இளையராஜா பாட்டு கச்சேரி மாதிரி கேட்கும்; நடுவில் தங்கச்சி கூப்பிட்டால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வரும். போனில் 5.3 இருக்கட்டும், 50.3 இருக்கட்டும், வண்டி ஏறி வந்தால்தான் உண்டு.

அதனால் பெட்டியைப் பார்ப்பதில் பிரயோசனம் இல்லை. டெமோ போனை எடுத்துக்கொண்டு வாசலில் நிற்கும் என் வண்டிக்கு வரச் சொன்னேன். தம்பி முதலாளியைப் பார்த்தார். முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார். போனோடு நான் புளியரை தாண்டிக் கேரளாவுக்குள் போய்விடுவேனோ என்று நினைத்திருக்க வேண்டும். கடைசியில் தம்பியைப் பக்கத்து சீட்டில் காவலுக்கு உட்காரவைத்து அனுமதி தந்தார்.

கண்ணாடியை ஏற்றி, ஏசி போட்டு, முதலாளிக்கே போன் அடித்தோம். கல்லாவிலிருந்து “நல்லா கேக்கு, நல்லா கேக்கு” என்றார். ஆனால் சாரல் மாதத்தில் இந்த ஊரில் கண்ணாடியை ஏற்றி ஏசி போடுகிறவன் உண்டா? மலை சும்மா அனுப்புகிற குளிரைக் கதவடைத்துத் துரத்திவிட்டு, பெட்ரோல் எரித்துக் குளிர் தயாரிப்பது மகாபாவம். நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டுப் பெரிய கோயில் பக்கம் ஒரு சுற்று போனேன். கோபுர வாசலில் அடிக்கும் காற்றைப் பற்றித் தென்காசிக்காரனுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

“எங்கனல நிக்க? அருவிக்குள்ளயா?” என்றார் முதலாளி.

“போன் சரியில்ல போல அண்ணாச்சி, இதவிட வெல கூடினது காட்டட்டா?” என்றார் தம்பி உடனே. வியாபாரத்தில் அவர் பெரிய ஆளாக வருவார். ஆனால் கார் வழியாகப் பேசும்போது போனில் எத்தனை மைக் இருந்தாலும் அவையெல்லாம் விடுப்பில் போய்விடும். நம் குரலை எடுப்பது காரின் மைக். பல வண்டிகளில் அது கூரையில், லைட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சல்லடைக்குப் பின்னால் இருக்கும். எதிராளிக்குக் கேட்கவில்லை என்று வருஷத்துக்கொரு போன் மாற்றுகிறவர்களை எனக்குத் தெரியும். கண்ணாடியை ஏற்றினால் செலவே இல்லை.

அடுத்து, பெயர்ப் பட்டியல். இணைக்கும்போது தொடர்புகளைக் காருக்குக் காட்டலாமா என்று போன் ஒரு கேள்வி கேட்கும். அவசரத்தில் வேண்டாம் என்று தட்டிவிட்டால், கார் வெறும் நம்பரைக் காட்டும். சரி என்று தட்டினால் என் வண்டி கட்டம் காட்டும். நான் எல்லாப் பெயரையும் தமிழில் பதிந்து வைத்திருப்பவன். வண்டிக்குத் தமிழ் எழுத்துரு கிடையாது. யூனிகோடில் எழுத்தின் மேல் வைக்கும் புள்ளி, கூடச் சேரும் கால், கொம்பு எல்லாமே தனித்தனிக் குறிகள் என்பதால், ஒவ்வொன்றுக்கும் ஒரு காலிக் கட்டம். அம்மா ஐந்து கட்டம். அப்பாவும் ஐந்து. அக்கா, அத்தை, அண்ணா, எல்லோரும் ஐந்தே ஐந்து. ‘மனைவி’ என்று பதிந்தால் அதுவும் ஐந்து. திரையில் ஐந்து கட்டம் மின்னும்போது “சொல்லுங்கம்மா” என்று தொடங்குவதா, “என்ன இப்ப?” என்று தொடங்குவதா? குடும்ப அமைதி முழுக்க இந்த ஒரு முடிவில் தொங்குகிறது.

இதற்கு மருந்து ஆண்ட்ராய்டு ஆட்டோ, ஐபோன்காரர்களுக்குக் கார்பிளே. அதில் திரையை வரைவது போன். கார் வெறும் கண்ணாடி. போனுக்குத் தமிழ் தெரிந்தால் போதும், அம்மா அம்மாவாகவே வருவார். இரண்டில் ஒன்றாவது வண்டியில் உண்டா என்று தெரிந்துகொண்டுதான் போன் கடைக்குள் நுழைய வேண்டும். ஒயரில்லாமல் வேண்டுமானால் இரண்டு பக்கமும் அந்த வசதி இருக்க வேண்டும். ஒயர் என்றால் அது டேட்டா கடத்தும் ஒயராக இருக்க வேண்டும். பஸ் ஸ்டாண்ட் பக்கம் தோளில் மாலையாகப் போட்டு விற்பதில் பாதி சார்ஜ் ஏற்ற மட்டும்தான் லாயக்கு. வரைபடத்தையும் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்வது நல்லது. செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு ஏறும்போது சிக்னல் மரத்துக்கு மரம் ஒளிந்து விளையாடும். வழி பார்க்க மட்டும் போனைக் கையில் வைத்துக்கொள்ளலாம், கவனம் சிதறக் கூடாது என்று 2020இல் விதியில் சலுகை கொடுத்திருக்கிறார்கள். எண்ணெய்க் கைக்கு அந்தச் சலுகையால் என்ன பயன்?

கடைசியில் நிலா எடுக்காத, நடுத்தர விலைப் போன் ஒன்று வண்டியோடு ஒத்துப்போனது. வாங்கி வந்தேன். மனைவியின் போனும் அதே வண்டியில் ஏற்கெனவே பதிவாகியிருந்தது. அதைப் பற்றிக் கடையில் யாரும் எதுவும் சொல்லவில்லை.

மறுநாள் காலை, கதவைத் திறந்துபோட்டுத் தரைவிரிப்பைத் தட்டிக்கொண்டே வண்டியை ஸ்டார்ட் செய்தேன். அந்நேரம் அடுக்களையில் மனைவி அவள் அம்மாவோடு பேசிக்கொண்டிருக்கிறாள். கார் முதலில் கண்ணில் பட்ட அவள் போனைப் பிடித்து, நடந்துகொண்டிருந்த அழைப்பை அப்படியே உறிஞ்சிக்கொண்டது. கதவுக்கொரு ஸ்பீக்கர் வழியாக எங்கள் தெருவுக்கு அத்தையின் குரல் கிடைத்தது.

“...கார்ல பேசுததுக்குன்னு தனியா ஒரு போனாம்லா! மிக்ஸி ஓடல, அத மாத்த வக்கில்ல. உங்கப்பா ஓட்ட சைக்கிள மிதிச்சே ஒன்னயக் கட்டிக் குடுக்கலயா? என்னட்டீ, பேச்சக் காணோம்?”

அடுக்களையில் அவள் “ஹலோ ஹலோ” என்று கத்திக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டு அண்ணாச்சி வாயில் பிரஷ்ஷோடு அசையாமல் நின்றார். யாராவது பதில் சொல்லியாக வேண்டும்.

“அடுத்த மாசம் மாத்திரலாம் அத்தை” என்றேன் கூரையைப் பார்த்து.

மைக் அன்றைக்குப் பிரமாதமாக வேலை செய்தது. அந்தப் பக்கம் டக்கென்று கட்டாகிவிட்டது.

காரின் புளூடூத் அமைப்பில், மனைவியின் போனுக்கு நேரே ‘அழைப்புகள்’ என்பதை மட்டும் அணைத்துவிட்டால் இந்த வம்பே வராது. மனைவியிடம் சொன்னேன். “வண்டிக்கு நானும்தான டியூ கட்டுதேன், என் போன எதுக்கு எடுக்கணும்?” என்று கேட்டுவிட்டாள். ஆகவே இரண்டு போனும் இருக்கின்றன. அத்தைதான் மாறிவிட்டார். இப்போதெல்லாம் மகளிடம் எடுத்த எடுப்பில் “வண்டி ஓடுதா, நிக்கா?” என்று கேட்கிறாராம். நிற்கிறது என்றால் பழைய பேச்சு. ஓடுகிறது என்றால் குரலை உயர்த்தி, “மாப்ள நல்லாருக்காவளா? அவியள மாதிரி தங்கமான மனுசன் இந்தத் தென்காசியிலயே கெடையாது” என்கிறார்.

பெட்ரோல் விற்கும் விலையிலும் சில காலை வேளைகளில் வண்டியைச் சும்மா ஸ்டார்ட் செய்து வைக்கிறேன்.