ஓடிப் பிடித்த தங்கம்

கேள்வி: லோக்கல் ரயிலைப் பிடிக்க மும்பையில் இத்தனை பேர் தினமும் ஓடுகிறார்களே, சர்வதேச அளவில் ஓடிக் காட்டியவர் ஒருவராவது உண்டா? (வாசகர், மாட்டுங்கா)

பதில்: லோக்கலுக்கு ஓடுவதில் பாதி முழங்கை வேலை. தடகளத்தில் அது செல்லாதே!

ஆனாலும் ஒருவர் இருந்தார்: லேவி பின்டோ. 1951 மார்ச்சில் டெல்லியில் முதல் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. மும்பைக்காரரான பின்டோ 100 மீட்டரை 10.8 விநாடியில் முடித்தார். 200 மீட்டருக்கு 22 விநாடி. இரண்டிலும் தங்கம். போதாதென்று 4x100 தொடர் ஓட்டத்தில் வெள்ளி. மணிக்கு 33 கிலோமீட்டர் வேகம், அதுவும் செயற்கைத் தளம் வராத காலத்து மண் தடத்தில்.

மறு ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக். அங்கும் இரண்டு ஓட்டங்களிலும் ஓடினார், பதக்கம் கிடைக்கவில்லை. அதே ஒலிம்பிக்கில் மல்யுத்த வீரர் கே.டி. ஜாதவ் வெண்கலம் வென்றார். பதக்கம் வாங்கியவரையே நாடு சரியாக நினைவில் வைக்கவில்லை, வாங்காதவரை யார் கேட்பது? பின்னாளில் அமெரிக்காவில் குடியேறிய பின்டோ, 2020-இல் சிகாகோவில் காலமானார்.

200 மீட்டர் தங்கத்தை 1958-இல் மில்கா சிங் மீட்டுவந்தார். ஆசியப் போட்டி ஆண்கள் 100 மீட்டர் தங்கமோ பின்டோவுக்குப் பிறகு எந்த இந்தியர் கைக்கும் வரவில்லை. 2025-இல் இந்திய வீரர் அனிமேஷ் குஜூர் 100 மீட்டரை 10.18 விநாடியில் ஓடினார். டெல்லியில் அன்று அந்த வேகம் இருந்திருந்தால் பின்டோவே பின்னால் நின்றிருப்பார். இன்றைக்கு ஆசிய சாதனை, சீனாவின் சு பிங்தியான் ஓடிய 9.83!