ஏழு சீரில் அடங்காத வள்ளுவர்

எங்கள் வீட்டுக்கு வள்ளுவர் குடிவந்து எட்டு மாதம் ஆகிறது. பெயர் நான் வைத்ததில்லை. விண்டோஸில் தமிழ் பேசும் குரலுக்கு மைக்ரோசாஃப்ட்காரர்களே வைத்த பெயர் அது. நல்ல எண்ணத்தில்தான் வைத்திருப்பார்கள். ஆனால் 32 வருடம் பிள்ளைகளுக்குக் குறள் நடத்திவிட்டு ஓய்வுபெற்ற ஒருத்தியிடம் வந்து, "மறுசுழற்சித் தொட்டி, 14ல் 1" என்று வள்ளுவர் சொன்னால் எப்படி இருக்கும்? ஏழு சீருக்கு மேல் ஒரு சொல் கூடப் பேசாத மனிதர் என்று நான் யாரைக் காட்டினேனோ, அவர் என் மேஜையில் உட்கார்ந்துகொண்டு வாய் ஓயாமல் பேசினார்.

கண்ணைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. கிளாக்கோமா. ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திருடிக்கொண்டே வந்து, நடுவில் சாவித்துவாரம் அளவுக்கு மிச்சம் வைத்திருக்கிறது. அந்தத் துவாரம் வழியாக ஒரு நேரத்தில் இரண்டு எழுத்துத் தெரியும். 'தலை'யைப் படித்து முடித்து 'வலி'க்கு வந்து சேர்வதற்குள் நிஜமாகவே வந்துவிடும்.

அப்போதுதான் என் பழைய மாணவன் நினைவு வந்தது. பிறவியிலேயே பார்வை இல்லாதவன். ஒன்பதாம் வகுப்பில் என்னிடம் படித்தான். நான் பார்த்த வாயாடிகளில் முதலிடம் அவனுக்குத்தான். "வாயை மூடு" என்று அவனிடம் சொன்ன அளவுக்கு நான் வேறு யாரிடமும் சொன்னதில்லை. இப்போது மதுரையில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறான். போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். இரண்டு நொடி அமைதி. பிறகு, "அட்மிஷன் போட்டாச்சு டீச்சர். தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு வகுப்பு. லேட்டா வந்தா வெளியதான் நிக்கணும்" என்றான்.

திரைவாசிப்பான் என்பது திரையில் இருப்பதைப் படித்துச் சொல்கிற மென்பொருள். அதில் அவன் இரண்டு பெயர் சொன்னான். ஒன்று ஜாஸ். டெட் ஹென்டர் என்ற அமெரிக்க மோட்டார்சைக்கிள் பந்தய வீரர் 1978ல் ஒரு கார் விபத்தில் பார்வை இழந்தார். பிறகு கம்ப்யூட்டர் படித்து, நிறுவனம் தொடங்கி, 1989ல் ஜாஸைக் கொண்டுவந்தார். அதன் சின்னம் சுறாமீன். திரையைப் பார்க்காதவர்களுக்கான மென்பொருளில் சுறா யார் பார்ப்பதற்கு என்று கேட்டேன். "பக்கத்து சீட்டுக்காரன் பயப்படட்டும்னுதான் டீச்சர்." விலையைச் சொன்னான். நானும் பயந்தேன்.

இன்னொன்று என்.வி.டி.ஏ. இதை 2006ல் எழுதத் தொடங்கியவர் ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கரன். பிறகு ஜேம்ஸ் டே சேர்ந்துகொண்டார். இருவருக்கும் பார்வை கிடையாது. சிறு வயதில், பார்வையற்ற பிள்ளைகளுக்கான ஓர் இசை முகாமில் பழக்கமானவர்கள். கம்ப்யூட்டரைக் காசு கொடுத்து வாங்கிய பிறகு, அதில் இருப்பதைத் தெரிந்துகொள்ள இன்னொரு முறை காசு எதற்கு என்பது அவர்கள் கட்சி. ஆகவே இலவசம். ஓய்வூதியக்காரிக்கு அந்தக் கட்சி கேட்டவுடனே பிடித்துவிட்டது.

முதல் நாள் பேசியது வள்ளுவர் இல்லை, ஓர் ஆங்கிலக் குரல். நான் எழுதி வைத்திருந்த தமிழ்க் கட்டுரையைத் திறந்தால் பேச்சே இல்லை. வரிக்கு வரி கீழே இறங்குகிறேன், மௌனம். இருபது பக்கமும் அழிந்துபோய்விட்டது என்று அழாத குறையாக மதுரைக்குப் போன் போட்டேன். தமிழ் தெரியாத குரல் தமிழைக் கண்டால் எனக்குத் தெரியாது என்றுகூடச் சொல்லாமல், கண்டும் காணாததுபோல் தாண்டிப் போய்விடுமாம். அன்றைக்குத்தான் வள்ளுவரை இறக்கினோம். கையோடு மென்பொருளின் முகப்பையும் தமிழுக்கு மாற்றினான். அது தனிக் கதை, வருகிறேன்.

முதல் பாடம் கேப்ஸ் லாக். பிறந்ததிலிருந்து வேலை செய்யாத விசை என்று நான் நினைத்திருந்தேன். இங்கே பெரும்பாலான கட்டளைகளுக்கு அதைப் பிடித்துக்கொண்டுதான் இன்னொரு விசையைத் தட்ட வேண்டும். "இனிமே இதுதான் உங்க பிரம்பு டீச்சர்" என்றான். அவன் சொன்னதில் இரண்டு பிரம்பு இருந்தது. ஒன்று நான் வகுப்பில் வைத்திருந்தது. இன்னொன்று அவன் கையில் எப்போதும் இருப்பது.

கேப்ஸ் லாக்கோடு டி தட்டினால் சன்னலின் தலைப்பு. எஃப் 12 தட்டினால் மணி. ஏ தட்டினால் நிற்கிற இடத்திலிருந்து கடைசிவரை படிப்பு. 1 தட்டினால் உள்ளீட்டு உதவி: அதன்பின் எந்த விசையைத் தொட்டாலும் அது என்ன விசை, என்ன வேலை என்று விளக்கம் வரும், வேலை மட்டும் நடக்காது. பயந்தாங்கொள்ளிகளுக்கு என்றே செய்தது. தைரியமாக எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தேன், குதூகலமாக இருந்தது. வெளியே வர மறுபடி அதையே தட்ட வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிட்டேன். மறுநாள் காலை முழுக்க நான் என்டர் தட்ட, வள்ளுவர் "என்டர்" என்றார். எஸ்கேப் தட்டினால் "எஸ்கேப்". கேள்வி கேட்டால் எழுந்து நின்று தன் பெயரை மட்டும் சொல்லிவிட்டு உட்காருகிற பையன்கள் உண்டே, அதே ரகம். அந்தப் பையன்களுக்கு முட்டை போட்டவள் நான். சாயங்காலம் எனக்கு முட்டை கிடைத்தது.

இன்னொரு நாள் இரவு பத்து மணிக்கு வள்ளுவர் பேச்சை நிறுத்திவிட்டுக் கீச்கீச்சென்று கத்த ஆரம்பித்தார். பயந்து இன்னும் எதையோ தட்டியதில் கீச்சும் போயிற்று. நான் ஏ என்று நினைத்துத் திரும்பத் திரும்பத் தட்டியது பக்கத்திலிருந்த எஸ். அது பேச்சு முறையை மாற்றுகிற கட்டளை: பேச்சு, வெறும் கீச்சொலி, முழு மௌனம், கேட்டால் மட்டும் பேசுவது. கடைசி முறை 2024ல்தான் வந்ததாம். அந்த முறை ஒன்பதாம் வகுப்பில் இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும் என்றேன். "எனக்குமே டீச்சர்" என்றான்.

இணையத்துக்குப் போனதும்தான் நிஜமான அடி. அங்கே வள்ளுவருக்கு இரண்டு முகம். படிக்கிற முகத்தோடு இருக்கும்போது எழுத்துகள் எழுத்துகள் இல்லை, குதிரைகள். எச் தட்டினால் அடுத்த தலைப்புக்குப் பாயும், கே தட்டினால் அடுத்த இணைப்புக்கு, பி தட்டினால் அடுத்த பொத்தானுக்கு. ஏதாவது எழுத வேண்டும் என்றால் எழுதுகிற முகத்துக்கு மாற வேண்டும். முகம் மாறும்போது ஒரு சிறு சத்தம் வரும். அதைக் காதில் வாங்க வேண்டும். நான் வாங்கவில்லை. ரயில் டிக்கெட் எடுக்கப் போய், ஊர்ப்பெயர்க் கட்டத்தில் ஆங்கிலத்தில் திருநெல்வேலி என்று அடித்தேன். டி: அட்டவணைக்குப் போனார். ஐ: பட்டியலில் ஓர் உருப்படி. ஆர்: ரேடியோ பொத்தான். யு: இதுவரை போகாத இணைப்பு. என்: இணைப்பில்லாத வெற்று உரை. ஈ: எழுதுகிற கட்டம். எல்: பட்டியல். வி: ஏற்கெனவே போய்வந்த இணைப்பு. மறுபடி ஈ, எல், ஐ. எங்கள் ஊர்ப்பெயரின் பதினொரு எழுத்தும் கட்டளை என்பது அன்றுதான் தெரிந்தது. ஓர் எழுத்துகூட வீணில்லை. பதினொரு இடம் சுற்றி முடித்து மூச்சு வாங்க நின்றபோது நான் விளம்பரத்தில் இருந்தேன். கேப்ஸ் லாக்கோடு ஸ்பேஸ் தட்டியிருந்தால் முகம் மாறியிருக்கும். அன்றைக்கு பஸ்ஸில் போனேன்.

இனி அந்தத் தனிக் கதை. என்.வி.டி.ஏ.வைத் தமிழாக்கியவர்கள் இணைப்புக்கு வைத்திருக்கும் சொல் 'தொடுப்பு'. இலக்கணப்படி குற்றமே சொல்ல முடியாத அழகான சொல். தொடு என்ற வினையடி, பூத் தொடுக்கிறோம், அம்பு தொடுக்கிறோம். ஆனால் பாளையங்கோட்டையில் அந்தச் சொல்லுக்கு நடைமுறையில் ஒரே பொருள்தான், அதைத் திண்ணையில் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். 84 வயதான என் மாமியார் அடுத்த அறையில் கட்டிலில் படுத்துக்கொண்டு, ஓர் ஆண்குரல் செய்தித்தாளின் முகப்பை வாசிப்பதைக் கேட்கிறார்: "தொடுப்பு, அமைச்சர். தொடுப்பு, நடிகை. தொடுப்பு, மாவட்ட ஆட்சியர்."

"யாரு பிள்ளே அது? காலங்காத்தாலே யாருக்கு யாரோட தொடுப்புங்காரு?"

"அது வள்ளுவர் அத்தை."

"திருவள்ளுவரா பேசுதாரு இந்தப் பேச்சு?"

இதில் ஏற்கெனவே போய்வந்த தொடுப்பை வேறு அவர் தனியாகக் குறிப்பிட்டுச் சொல்வார். அத்தை காதைப் பொத்திக்கொள்ளவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தலையணையைக் கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

நானும் அமைப்புகளுக்குள் போய், ஆவண வடிவமைப்பு என்ற பகுதியில் இணைப்பை அறிவிக்கிற தேர்வை நீக்கினேன். அப்படியே '14ல் 1' என்கிற இடக்கணக்கையும் நீக்கினேன். சொடுக்கத்தக்கது, பட்டியல், அட்டவணை என்று ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டே போனேன். கட்டுரை நோட்டில் சிவப்பு மையால் அடித்துத் தள்ளிய சுகம் நெடுநாளைக்குப் பிறகு திரும்பி வந்தது. வள்ளுவர் ஏழு சீருக்கு வந்துவிட்டார். மறுநாள் மின்கட்டணம் கட்டப் போனேன். தெளிவாகப் படித்தார், ஆனால் எதைத் தட்டினால் பணம் கட்டலாம், எது சும்மா எழுத்து என்று தெரியவில்லை. 'இங்கே அழுத்தவும்' என்றார். எங்கே என்று சொல்லவில்லை, சொல்லக் கூடாது என்று வாயைக் கட்டியவள் நான்தானே. நன்னூல் நூலுக்கு அழகு பத்து என்கிறது. முதலாவது சுருங்கச் சொல்லல், அடுத்தது விளங்க வைத்தல். எத்தனை வருடம் அந்தப் பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்லி உயிரை எடுத்திருப்பேன்! முதலாவதைப் பிடித்து இழுத்தால் இரண்டாவது கிழியும் என்பது எனக்கு மின்வாரியத்தின் பக்கத்தில்தான் உறைத்தது. தொடுப்பைத் திரும்பச் சேர்த்தேன். அத்தைக்குச் சந்தோஷம்.

எழுதும்போது வேறு தகராறு. 'கொ' என்று அடித்துவிட்டுப் பின்னழிப்பு விசையைத் தட்டினால் எழுத்து முழுசாகப் போகாது, 'க' மிஞ்சும். போகட்டும், மெய்யில் உயிர் ஏறியதை இறக்குகிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். 'க்' அடித்துவிட்டு அழித்தேன். அதற்கும் 'க' மிஞ்சியது. யூனிகோடில் அகரம் ஏறிய 'க'தான் முதல். அதன்மேல் புள்ளி வைத்தால்தான் மெய் பிறக்கும். மெய்யோடு அகரம் சேர்ந்து உயிர்மெய் ஆகும் என்று 32 வருடம் கரும்பலகையில் கூட்டல் குறி போட்டுக் காட்டியவள் நான். இங்கே கழித்தல் குறி. தொல்காப்பியரிடமே புகார் கொடுக்க வேண்டிய விஷயம்.

நிறுத்தற்குறிகளுக்கும் ஓர் அளவுகோல் உண்டு. கேப்ஸ் லாக்கோடு பி தட்டத் தட்ட, குறி எதையும் சொல்லாத நிலையிலிருந்து எல்லாவற்றையும் சொல்கிற நிலைவரை மாறும். 'எல்லாம்' என்பதில் வைத்துக்கொண்டு பழைய சக ஆசிரியர்களின் கடிதங்களைக் கேட்டேன். மூன்று பத்திக்கு ஒரே ஒரு முற்றுப்புள்ளி. பெயர் சொல்ல மாட்டேன். குறிகளாவது அளவுகோலுக்கு அடங்கும், வாட்ஸ்அப் படங்கள் அடங்காது. ஓர் இரங்கல் செய்திக்குக் கீழே எங்கள் குடும்பக் குழுவில் வரிசையாகக் கைகூப்பிய படங்கள். வள்ளுவர் ஒன்று விடாமல் சொன்னார். நான் எண்ணிப் பார்த்தேன், 41 கும்பிடு. செத்துப்போனவர் உயிரோடு இருந்தபோது அவரைப் பார்த்து ஒருவரும் கும்பிட்டதில்லை.

வேகத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் என் வாத்தியார் கோபிப்பான். அவன் வள்ளுவரை வைத்துக்கொள்ளவில்லை. இஸ்பீக் என்ற இயந்திரக் குரல்தான் அவனுக்கு. எவ்வளவு விரட்டினாலும் சொல் சிதையாதாம். ஒரு நாள் போனில் அவன் பக்கத்துச் சத்தம் கேட்டது. "என்னப்பா, சமையலா?" என்றேன். "ஏன் டீச்சர்?" "கடுகு வெடிக்கிற சத்தம் கேக்குதே." "அது நீங்க அனுப்புன கட்டுரை டீச்சர், படிச்சு முடிச்சுட்டேன்." மூன்று நாள் உட்கார்ந்து எழுதியது, 40 நொடியில் தாளித்துவிட்டான். நான் நூற்றுக்கு 38ல் ஓடிக்கொண்டிருந்தேன். வாரத்துக்கு இரண்டு கூட்டுகிறேன். 50ஐத் தாண்டியபோது வீட்டில் மற்றவர்களுக்கு வள்ளுவர் சொல்வது புரியாமல் போனது. அதில் எனக்கு ஒரு வசதி. அத்தைக்குத்தான் பெரிய நஷ்டம். செய்தித்தாள் வாசிப்பு அவருக்குப் பழகிவிட்டிருந்தது.

அதற்கும் வழி இருந்தது. இந்த மென்பொருளில் ஆளுக்கு ஏற்ற, வேலைக்கு ஏற்ற அமைப்புகளைத் தனித்தனி உருவரையாகச் சேமிக்கலாம். 'அத்தை' என்ற பெயரில் ஒன்று வைத்தேன்: வேகம் 25, குறிகள் கிடையாது, தொடுப்பு உண்டு. காலை ஆறரைக்கு அதை முடுக்கிவிட்டால், வள்ளுவர் தலையெழுத்தே மாறியதுபோல் நிதானமாகிவிடுவார். அத்தை கட்டிலைவிட்டு எழுந்துவந்து நாற்காலி போட்டு உட்கார்வார். கண்ட்ரோலைத் தட்டினால் பேச்சு அறுந்துவிடும். ஷிஃப்டைத் தட்டினால் அப்படியே நின்று, மறுபடி தட்டினால் விட்ட இடத்திலிருந்து தொடரும். அத்தை ஷிஃப்டை மட்டும் வைத்துக்கொண்டார். ஒவ்வொரு செய்திக்கும் நிறுத்தி அவருடைய கருத்தைச் சொல்ல வேண்டும் அல்லவா?

நேற்று ராசிபலன். கன்னி ராசிக்காரர்கள் இன்று வார்த்தையைக் குறைத்துப் பேசுவது நல்லது என்று வள்ளுவர் படித்தார். அத்தை ஷிஃப்டைத் தட்டினார்.

"இவரு என்ன ராசி பிள்ளே?"