எந்த உறையில் குகை?

கேள்வி: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதை ஆட்டத்தை ஆடும்போது வரைபட அட்டைகளைத் தேடியே பாதி நேரம் போகிறது. எப்படி அடுக்குவது?

பதில்: அளவு வாரியாக அடுக்குங்கள். குகை, காடு என்று காட்சி வாரியாகப் பிரிக்கத்தான் கை போகும். ஆனால் டன்ஜன் டைல்ஸ் எனப்படும் இந்த வரைபட அட்டையில் இரு பக்கமும் படம். ஒரு பக்கம் கல்தரை, மறுபக்கம் புல்வெளி என்றால் அதை எந்த உறையில் சேர்ப்பீர்கள்? திருப்பிப் போட்டாலும் நீள அகலம் மாறாதே! 1 அங்குலக் கட்டம் 5 அடி என்பது ஆட்டக் கணக்கு; 40க்கு 20 அடி கூடம் என்றதுமே 8க்கு 4 கட்ட அட்டைகள் உள்ள உறையைத் திறந்துவிடலாம். காடு வேண்டுமென்றால் எல்லா உறையையும் புரட்டவேண்டாமா என்பீர்கள். நியாயமான கேள்வி. அன்றைய கதைக்கு வேண்டியவற்றை முதல் நாளே எடுத்துத் தனியே வையுங்கள். அளவு அடுக்கு, ஆட்டக்காரர்கள் நீங்கள் நினைக்காத கதவைத் திறக்கும் நேரத்துக்கு. கட்டாயம் திறப்பார்கள்!