தபால், தலைக்கு மேலே!

● உலகின் முதல் விமானத் தபால் நம் நாட்டில்தான் புறப்பட்டதாமே, நிஜமா? (திருவாரூர்)

அரசு முத்திரை குத்திய தபால் என்றால், நிஜம். 1911 பிப்ரவரி 18, அலகாபாத் பொருட்காட்சி. ஹென்றி பெக்கே என்ற 23 வயதுப் பிரெஞ்சுக்காரர் ஏறத்தாழ 6,500 கடிதங்களோடு யமுனையைத் தாண்டி நைனியில் இறங்கினார். சுமார் 10 கிலோமீட்டர், 13 நிமிடம். இங்கிலாந்துக்குப் போகும் கடிதங்களும் அதில் உண்டு. நைனிக்கு அப்புறம் அவற்றுக்கு வழக்கம்போல ரயில், கப்பல், வாரக்கணக்கு! கடிதத்துக்கு ஆறணா தனிக் கட்டணம். அது ஒரு மாணவர் விடுதி நிதிக்குப் போனது. கொடுத்தவர்கள் அவசரத்துக்காகக் கொடுக்கவில்லை, அந்த முத்திரைக்காகக் கொடுத்தார்கள்.

● அமெரிக்கர்கள் இதையெல்லாம் கச்சிதமாகச் செய்திருப்பார்களே? (நாமக்கல்)

கேளுங்கள். 1918 மே 15, வாஷிங்டன். ஜனாதிபதி வில்சனே வழியனுப்ப வந்து நிற்கிறார். எஞ்சின் கிளம்பவில்லை. நோண்டிப் பார்த்தால், டேங்கில் பெட்ரோல் இல்லை! ஊற்றிக் கிளப்பினார்கள். பைலட் ஜார்ஜ் பாயில் வடக்கே பிலடெல்பியாவுக்குப் போக வேண்டும்; தப்பான தண்டவாளத்தைப் பிடித்துத் தெற்கே போய், வால்டார்ஃப் என்ற ஊரில் இறக்கி, விமானத்தைக் குப்புறக் கவிழ்த்தார். தபால் மூட்டை சாலை வழியே வாஷிங்டனுக்கே திரும்பியது. பாயில் பெரிய அதிகாரி வீட்டுப் பெண்ணை நிச்சயம் செய்திருந்தவர். அதனால் இன்னொரு வாய்ப்பு. இம்முறை, ‘செசபீக் விரிகுடாவை வலக்கைப் பக்கமே வைத்துக்கொள்’ என்று சொல்லி அனுப்பினார்கள். அட்சரம் பிசகாமல் அப்படியே வைத்துக்கொண்டு, விரிகுடாவை வடக்கே சுற்றி, எதிர்க்கரை வழியாக மறுபடி தெற்குக்கே போய்ச் சேர்ந்தார். மூன்றாவது வாய்ப்புக்கு மாமனார் செல்வாக்கும் போதவில்லை.

● தலைகீழ் விமானம் அச்சான தபால்தலை, விலை கோடிக்கணக்கிலாமே? (காரைக்குடி)

ஆமாம். அந்தச் சேவைக்காக வெளியிட்ட 24 சென்ட் தலை. 100 தலை கொண்ட ஒரு தாள் மட்டும் தப்பித் தவறி வெளியே வந்தது. 24 டாலருக்கு வாங்கியவர் சில நாளில் 15,000 டாலருக்கு விற்றார். படத்திலுள்ள விமானத்தின் எண் 38262. பாயில் கவிழ்த்த விமானமும் அதே எண்தான். அச்சுப்பிழை என்கிறார்கள், எனக்கென்னவோ ஜோசியம் என்று படுகிறது.

● ராத்திரியில் எப்படி வழி கண்டுபிடித்தார்கள்? (தேனி)

சொக்கப்பனை கொளுத்தி! 1921 பிப்ரவரி 22 இரவு, ஜாக் நைட் நெப்ராஸ்காவின் நார்த் பிளாட்டிலிருந்து ஒமாஹா வரை ஓட்டிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியவர். அடுத்த பைலட் வந்து சேரவில்லை. அதற்குமேல் அவர் பறந்தறியாத பாதை. கையில் ஒரு சாலை வரைபடம், கீழே ஊர்க்காரர்கள் மூட்டிய தீ. விடிந்தபின் சிகாகோ. சான்பிரான்சிஸ்கோ தபால் 33 மணி 20 நிமிடத்தில் நியூயார்க் சேர்ந்தது. இத்தனையும் எதற்கு? நிதி ஒதுக்கக் கைநடுங்கிய நாடாளுமன்றத்துக்குக் காட்டத்தான். அதே ஓட்டத்தில் இன்னொரு பைலட் உயிரையே விட்டார்.

● இவர்களில் உங்களுக்குப் பிடித்தவர்? (நாகர்கோவில்)

ஆன்றி கியோமே. பிரெஞ்சு ஏரோபோஸ்டால் கம்பெனி பைலட். 1930 ஜூன் 13, ஆண்டீஸ் மலையில் பனிப்புயல். அங்கே அது குளிர்காலம். உறைந்த ஏரிக்கரையில் இறங்கி, விமானம் கவிழ்ந்து, தபால் பைகளைப் போர்த்திக்கொண்டு இரண்டு நாள் கிடந்தார். பிறகு ஐந்து பகல், நான்கு இரவு நடந்தார். உட்கார்ந்தால் தூக்கம், தூங்கினால் சாவு. ஒரு கட்டத்தில் விழுந்துவிட்டார். அப்போது நினைவுக்கு வந்தது இன்ஷூரன்ஸ்! உடல் கிடைக்காவிட்டால் மனைவிக்குப் பணம் வர நான்கு வருஷம் ஆகும். எதிரே ஒரு பாறை தெரிந்தது. அதில் போய்ச் செத்தால் கோடையில் உடலாவது கிடைக்குமே என்று எழுந்தவர், எழுந்த வேகத்தில் நடந்துகொண்டே இருந்தார். பிழைத்தார். இதை எழுதிவைத்தவர் அவருடைய நண்பர், அதே கம்பெனி பைலட் செந்த்-எக்சுபரி. ஆம், ‘குட்டி இளவரசன்’ ஆசிரியரேதான். காப்பீட்டு முகவர்கள் யாரும் இந்தக் கதையைச் சொல்லிக் கேட்டதில்லை. ஆச்சரியம்.

● பெண்கள் உண்டா? (கடலூர்)

கேத்ரின் ஸ்டின்சன். 1913இல் மான்டானா கண்காட்சியில் வானிலிருந்து தபால் பை வீசினார். பாயிலுக்கு ஐந்து வருஷம் சீனியர்.

● மதராஸுக்கு எப்போது வந்தது? (மயிலாப்பூர்)

1932 அக்டோபர் 15, ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து புஸ் மாத் விமானத்தில், ரேடியோகூட இல்லாமல், சுமார் 25 கிலோ தபாலோடு கிளம்பினார். அகமதாபாத்தில் அவருக்கு பெட்ரோல் டின்கள் வந்தது மாட்டுவண்டியில்! பம்பாய் ஜூஹுவில் அவர் இறங்க, முன்னாள் ராணுவ விமானி நெவில் வின்சென்ட் இன்னொரு புஸ் மாத்தில் வாங்கிக்கொண்டு பறந்தார். திட்டமே வின்சென்ட் மூளையில் உதித்ததுதான். பெயர் என்னவோ டாடாவுக்கு. பெல்லாரியில் ராத்தங்கல், மறுநாள் மதராஸ். மழைக்காலத்தில் ஜூஹு சேறாகிவிடும். அப்போது விமானங்கள் பூனாவுக்குக் குடிபோகும். தபால் மட்டும் நேரம் தப்பாது.

● அந்தக் காலத்தில் பிறந்திருந்தால் நீங்கள் ஓட்டியிருப்பீர்களா? (சேலம்)

கட்டாயம். ‘என் கேள்விக்கு ஏன் பதில் வரவில்லை?’ என்று கோபிக்கிற வாசகர்களிடம், மூட்டை ஆண்டீஸில் விழுந்துவிட்டது என்று சொல்லலாமே!