உரித்தெடுக்கும் உத்தமர்

பந்து மலைப்பாம்பு வளர்க்கும் அன்பரே, உங்கள் இரக்கத்துக்கு ஈடு ஏது! பாம்பு தன் சட்டையைத் தானே கழற்றப் படும் பாட்டைக் காணப் பொறுக்காமல் கை கொடுக்கிறீர்களே, அந்த மனசு எல்லாருக்கும் வராது. கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் கை இல்லாமலே சட்டை உரித்துவந்த இனம் அது. அந்தக் குறையை நீங்கள் ஒருவராகவே தீர்த்துவிட்டீர்கள்.

உங்கள் சுத்தத்தைச் சொல்லாமல் விடலாமா? கானாவிலும் டோகோவிலும் பெனினிலும் இந்தப் பாம்பு எலி வளைகளிலும் கரையான் புற்றுகளிலும் பகலைக் கழிக்கிறது. வெளியே மண் காய்ந்து கிடந்தாலும் வளைக்குள் ஈரம் தங்கும். உங்கள் கண்ணாடிப் பெட்டியில் அந்த நசநசப்பே கிடையாது. மேலே வெப்ப விளக்கு, கீழே பழைய செய்தித்தாள், மூலையில் உடம்பை நனைக்க இடம் தராத சின்னக் கிண்ணம். சட்டை உரிக்கும் நாட்களில் ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்பார்கள். அளக்கும் கருவியையே நீங்கள் வாங்காததால், குறைந்தது என்று உங்களை யாரும் சொல்லிவிட முடியாது.

விருந்தோம்பலும் அப்படித்தான். உரிக்கப் போகும் பாம்பின் கண்ணில் நீலப் பால் படரும். பழைய தோலுக்கும் புதுத் தோலுக்கும் நடுவே நீர் ஊறி இரண்டையும் பிரிக்கிற வேளை அது. சில நாளில் கண் தெளியும். அதற்கும் சில நாள் கழித்து, உதட்டோரத்தைச் சொரசொரப்பான ஏதாவதொன்றில் தேய்த்து, உள்புறம் வெளியாகப் புரட்டி ஒரே சட்டையாகக் கழற்றும். அதுவரை தொடாமல் விடுவது மற்றவர்கள் வழக்கம். நீங்களோ பார்வை மங்கிய அதே நாளில் அதைத் தூக்கி, வந்தவர்கள் தோளில் போட்டுப் படம் எடுக்க வைக்கிறீர்கள். யாரையும் ஏமாற்றி அனுப்பியதில்லை.

ஆனால் உங்கள் பெருமையெல்லாம் இடுக்கி பிடிப்பதில்தான். பாம்புக்கு இமை இல்லை. ஒவ்வொரு கண்ணையும் காப்பது வில்லைபோலத் தெளிந்த ஒற்றைச் செதில். சட்டையோடு அதுவும் கழன்றாக வேண்டும். நல்லபடியாக உரிந்த சட்டையின் தலைப்பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்தால் அந்த இரண்டு வில்லைகளும் பளிச்சென்று தெரியும். காற்று வறண்டால் சட்டை துண்டு துண்டாகப் பிய்ந்து, வில்லை கண்ணிலேயே ஒட்டிக்கொள்ளும். விவரமுள்ள மருத்துவர்கூட அதைத் தொடத் தயங்குவார். ஈரத்தைக் கூட்டி அடுத்த உரிப்புவரை பார்ப்போம் என்பார். உங்களுக்குத் தயக்கம் ஏது? ஒரே இழுப்பு. பழைய வில்லையோடு அடியிலிருந்த புதுச் செதிலும் வந்துவிட்டது. இனி அந்தப் பக்கம் எதையும் பார்க்கும் சிரமம் அந்த உயிருக்கு இல்லை.

வால் நுனியில் வளையமாகத் தங்கிய தோலை மட்டும் பெருந்தன்மையாக விட்டுவைத்தீர்கள். அது காய்ந்து இறுகி, ரத்தம் போகும் வழியை அடைத்து, நுனி கருத்தது. வால் கொஞ்சம் குறைந்தாலும் பாம்பு பாம்புதானே என்று மனம் தளராமல் இருக்கிறீர்கள்.

சட்டை ஒழுங்காக உரிய, மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் பாம்பு நுழைய ஒரு துளை, உள்ளே பிழிந்த ஈரப்பாசியோ நனைத்த தென்னை நார்த்தூளோ இருந்தால் போதும். அதற்கும் மீறித் தோல் ஒட்டினால், வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துண்டுக்குள் விட்டால் ஊர்ந்து ஊர்ந்து தானே கழற்றிக்கொள்ளும். இந்த மலிவான வேலைகள் உங்கள் தாராளத்துக்கு ஒத்துவரவில்லை. வண்ண விளக்கும் பிளாஸ்டிக் கொடியும் மண்டையோட்டுப் பொம்மையும் வாங்கிப் பெட்டியை நிறைத்திருக்கிறீர்கள்.

வளர்ப்பில் 20, 30 ஆண்டு வாழக்கூடிய பாம்பு இது. ஒவ்வோர் ஆண்டும் பல முறை சட்டை உரிக்கும். அத்தனை முறையும் முதலில் நீளப் போவது உங்கள் கைதான். இப்போதே நீங்கள் மூடியைத் திறந்தால் தலையை நடுவில் புதைத்துப் பந்தாகச் சுருண்டுகொள்கிறது. பயந்தால் இந்த இனம் அப்படித்தான் சுருளும். என்னிடம் அதற்கு எவ்வளவு பணிவு பாருங்கள் என்று நண்பர்களிடம் சொல்லி மகிழ்கிறீர்கள்.