ஆட்டுக்கும் வைத்த ஐஸ்

சோழர் காலத்தில் யாரோ ஒரு நல்ல மனிதர் ஊர்க் கோயிலில் நந்தா விளக்கு வைக்க ஆசைப்படுகிறார். பெரிய காரியமில்லை. 96 ஆடுகளை ஒப்படைத்தால் போதும். அவற்றை மேய்ப்பவர் தினமும் ஓர் உழக்கு நெய் அளந்துவிடுவார். இந்தத் தர்மத்தைக் கல்லில் வெட்ட வேண்டும். வெட்டுகிறார்கள், வெட்டுகிறார்கள், பாதிச் சுவரே தீர்ந்துவிட்டது. ஆடு கொடுத்த மகராசன் பெயரைத்தான் இன்னும் காணோம்!

எப்படி வரும்? முதலில் ராஜா வந்தாக வேண்டுமே. இந்த ஏற்பாட்டை முறையாகத் தொடங்கிவைத்தவர் சாட்சாத் ராஜராஜன். 985-ல் பட்டத்துக்கு வந்தவர். தஞ்சாவூரில் அத்தனை உயரத்துக்குக் கோயில் கட்டியவர். அந்த விளம்பரம் போதாதா? போதவில்லை. கல்வெட்டு யாருடையதாக இருந்தாலும் நம் சாதனைப் பட்டியல் முன்னால் போகட்டும் என்று மெய்க்கீர்த்தி என்ற டைட்டில் கார்டைப் போட வைத்தார். திருமகளோடு நிலமகளும் வந்து சேர்ந்தாயிற்று. காந்தளூர்ச் சாலை, வேங்கை நாடு, கங்கபாடி, ஈழம் எல்லாம் ஆயிற்று. போதாக்குறைக்குக் கடலுக்குள் பழந்தீவு 12,000. (யார் எண்ணினார்கள் என்று கேட்கக் கூடாது. கேட்டவர் யாருக்கும் கல்வெட்டு கிடைத்ததாகத் தெரியவில்லை.) இவ்வளவையும் தாண்டித்தான் நம்மவரின் ஆட்டு மந்தை உள்ளே வர முடியும்.

அந்த ஆடுகளையாவது சும்மா விட்டார்களா? கல்வெட்டில் அவற்றுக்குப் பெயர் ‘சாவா மூவாப் பேராடு’. சாகாதாம், கிழடு தட்டாதாம்! கணக்குப்பிள்ளையைக் கேட்டால், செத்த ஆட்டுக்குப் பதில் குட்டியைச் சேர்த்து எண்ணிக்கையை 96-லேயே நிறுத்து, அவ்வளவுதான் என்பார். ஆனாலும் ராஜாவுக்கு ஐஸ் வைத்துப் பழகிய கை அல்லவா, ஆட்டுக்கும் ஒரு கட்டி வைத்துவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை. இந்த ஜால்ரா மட்டும் இல்லையென்றால் நம் சரித்திர ஆசிரியர்கள் பாடு திண்டாட்டம். சோழ ராஜாக்கள் ராஜகேசரி, பரகேசரி என்ற இரண்டே பட்டங்களை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டவர்கள். வெறுமனே ‘ராஜகேசரிக்கு 8-ஆம் ஆண்டு’ என்றிருந்தால் எந்த ராஜகேசரி என்று தேடுவது? மெய்க்கீர்த்தி இருந்தால் கவலையில்லை. ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் அது அப்டேட் ஆகும். பட்டியல் எந்த ஊரோடு நிற்கிறது என்று பார்த்தே, ஆண்டு சிதைந்துபோன கல்லுக்கும் ஏறக்குறையக் காலம் சொல்லிவிடுகிறார்கள். ராஜாவைக் குளிர வைக்க எழுதியது, பேராசிரியர்களைக் குளிர வைத்துக்கொண்டிருக்கிறது!

கல் வெட்டுகிறவரே இப்படியென்றால் கவிஞர் எப்படி இருப்பார்? ஒட்டக்கூத்தரை எடுத்துக்கொள்ளுங்கள். விக்கிரம சோழன், அவர் மகன் இரண்டாம் குலோத்துங்கன், பேரன் இரண்டாம் ராஜராஜன் என்று மூன்று தலைமுறைக்கு அவைப்புலவர். ஆளும் கட்சி மாறினாலும் ஆசனம் மாறாதவர். மூன்று பேர் மீதும் உலா பாடினார். உலாவுக்குக் கதை ஒன்றுதான். முதலில், புறாவுக்காகத் தன் சதையை அரிந்து கொடுத்தவர், கன்றுக்காக மகனையே தேர்க்காலில் இட்டவர் என்று முப்பாட்டன்மார் பெருமை. அப்புறம் ராஜா யானை மேல் வீதியில் வருவார். பார்த்த பெண்களெல்லாம் உருகி, மெலிந்து, கைவளை கழன்று நிற்பார்கள். தாத்தா வந்தபோது கழன்றது. அப்பா வந்தபோது கழன்றது. பேரன் வந்தபோதும் அதே வீதி, அதே யானை, அதே வளையல்!

தாத்தாவுக்கு வைத்த ஐஸ்தான் தனக்கும் வருகிறது என்று பேரனுக்குத் தெரியாதா? பேஷாகத் தெரியும். தெரிந்தும், கண்ணிக்கு ஆயிரம் பொன் வீதம் எடுத்து நீட்டினார் என்று ஒரு கதை இருக்கிறது. அவருக்குப் புதுப் பாட்டா வேண்டும்? தாத்தாவுக்கு விழுந்த வளையலில் ஒன்றுகூடக் குறையக் கூடாது, அதுதான் வேண்டும்.

அடுத்து வந்தார் பாண்டியர். 1216-ல் பட்டமேறிய முதலாம் மாறவர்மன் சுந்தரபாண்டியன் தஞ்சையையும் உறையூரையும் கொளுத்தினார். பிறகு மனமிரங்கி, சோழனிடமே நாட்டைத் திருப்பிக் கொடுத்தார். சோணாடு கொண்டவர் என்று ஒரு பட்டம், சோணாடு வழங்கியவர் என்று இன்னொன்று. எடுத்ததற்கும் புகழ், எடுத்ததை எடுத்த இடத்தில் வைத்ததற்கும் புகழ்!

அந்தக் களேபரத்தில் அவர் கை வைக்காதது ஒன்றே ஒன்று. பட்டினப்பாலை பாடியதற்காகக் கடியலூர் உருத்திரங்கண்ணனாருக்குக் கரிகாலன் கொடுத்ததாகச் சொல்லப்படும் பதினாறு கால் மண்டபம். ராஜாக்கள் குடியிருந்த மாளிகை, மாடம் எல்லாம் தரைமட்டம். ராஜாவைப் பாடிய கூலி மட்டும் பதினாறு தூணோடு அப்படியே நின்றது.

இந்தச் சேதி நமக்கு எப்படிக் கிடைத்தது என்கிறீர்களா? திருவெள்ளறைக் கோயிலில் அழகான பாட்டாக வெட்டி வைத்திருக்கிறார்கள். சுந்தரபாண்டியனைப் புகழ்ந்துதான், வேறெதற்கு?