வளைவது யார் முதுகு?

எங்கிருந்தும் படிக்கலாம், எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம், அவரவர் வேகத்தில் படிக்கலாம். 'நெகிழ்வுக் கல்வி' என்று இதைச் சொல்லாத உயர்கல்விக் கருத்தரங்கு உண்டா? குளுகுளு அரங்கு, பொன்னாடை, பவர்பாயிண்ட், மதியம் பிரியாணி. பிரியாணியை மட்டும் ஆன்லைனில் பரிமாற இன்றுவரை எந்தத் துணைவேந்தரும் துணியவில்லை.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காகக் கல்லூரிகளைப் பூட்டிவிட்டு 'வகுப்பு நடக்கும்' என்றார்கள். கிராமத்து வீடுகளில் நூற்றுக்கு ஐந்தில்கூடக் கணினி கிடையாது, இணைய வசதி நூற்றுக்குச் சுமார் பதினைந்து வீட்டில்தான் என்று 2017-18ஆம் ஆண்டின் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு சொல்லியிருந்தது. அரசு எடுத்த கணக்குதான். படிக்கச் சொல்லிப் பிள்ளைகளுக்குத்தான் உத்தரவு, அதிகாரிகளுக்கு அல்ல. வீட்டுக்கு ஒரு போன், அதுவும் அப்பாவுடையது. அவர் வேலைக்குக் கிளம்பினால் இயற்பியலும் சட்டைப்பையில் ஏறிப் போய்விடும். மிச்சமிருந்தவர்கள் சிக்னல் தேடித் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறினார்கள்.

தமிழகக் கல்லூரி மாணவர்களுக்குத் தினம் 2 ஜிபி இலவச டேட்டா என்ற அறிவிப்பு வந்தது 2021 ஜனவரியில். பத்து மாதம் கழித்து! பிப்ரவரியில் கல்லூரிகளையே திறந்துவிட்டார்கள். தாலி கட்டி முடித்த பிறகு வந்து சேர்ந்த நாயனக்காரர் மாதிரி.

அதே பிப்ரவரியில் அண்ணா பல்கலைக்கழகம் இணையவழித் தேர்வு நடத்தியது. மேற்பார்வைக்குச் செயற்கை நுண்ணறிவு. அறைக்குள் யாரோ வந்தார்கள், திரும்பிப் பார்த்தேன், அதற்கா முறைகேடு என்று பிள்ளைகள் புலம்பினார்கள். ஏப்ரலில் ஆயிரக்கணக்கானோரின் முடிவு நிறுத்திவைக்கப்பட்டது. மே மாதம் ஆட்சி மாறி, அப்போதைய உயர்கல்வி அமைச்சர் பொன்முடி மறுதேர்வு அறிவிக்க வேண்டியதாயிற்று. ஒற்றை அறை வீட்டில் யாரும் குறுக்கே வராமல் ஒரு மணி நேரம் எப்படி உட்காருவது என்று அந்த மென்பொருளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லிக்கொடுக்க வேண்டியவர்களின் வீட்டில் அறைகள் நிறைய.

இப்போது மத்திய அரசின் இணையப் பாடத் தளம் 'ஸ்வயம்'. ஒரு பருவத்துப் பாடங்களில் 20 சதவீதம் வரை அதில் படிக்கலாம் என்றிருந்ததை யுஜிசி 2021இல் 40 ஆக்கியது. ஐஐடி பேராசிரியரின் பாடம் குக்கிராமத்துக்கும் வருகிறது. நல்லது, குறை சொல்ல மாட்டேன். பார்க்கக் காசில்லை, சான்றிதழ்த் தேர்வு எழுதத்தான் கட்டணம். ஆனால் 'சார், அந்த ரெண்டாவது ஸ்டெப் புரியலை' என்று முதல் தலைமுறைப் பெண் ஒருத்தி தமிழில் கேட்டால் பக்கத்தில் நிற்க ஓர் ஆள் வேண்டாமா? வீடியோ இருக்கிறதே, ஆள் எதற்கு என்கிறது நிதித்துறை. நெகிழ்வுக் கல்வியின் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது.

நெகிழ்வாம்! 75 சதவீத வருகைப்பதிவு நெகிழ்ந்ததா? அது குறைந்தால் கட்டும் கண்டோனேஷன் கட்டணம் நெகிழ்ந்ததா? பரீட்சைப் பணம் ஒரு நாள் தாமதமானால் அபராதம் நெகிழ்கிறதா? வளைவதெல்லாம் பிள்ளையின் முதுகும் கௌரவ விரிவுரையாளரின் முதுகும்தான்.

கல்லூரியின் தரம் பார்க்கும் 'நாக்' கமிட்டி நேரில் வந்துகொண்டிருந்த நாட்களில் எந்தக் கல்லூரிக்காவது போயிருந்தால் பார்த்திருக்கலாம். ஸ்மார்ட் போர்டின் பாலிதீன் உறையை அன்றுதான் உரிப்பார்கள். ஆறு பேரை முன்னால் உட்காரவைத்து ஜியோடேக் போட்டோ. அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் துல்லியமாக விழும். பாடம் நடந்ததா என்பது மட்டும் விழாது. கமிட்டி போனதும் உறை திரும்ப ஏறும்.

அந்தப் போட்டோவில் ஓரமாக நிற்பவர் கௌரவ விரிவுரையாளர். அரசு கலைக் கல்லூரிகளில் இவர்கள் 7,000 பேருக்கு மேல். மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்று யுஜிசி 2019இலேயே சொல்லிவிட்டது. இவர்கள் பல வருடம் தெருவில் உட்கார்ந்து போராடி 2024இல் கண்டது 25,000. வருடத்துக்குப் பதினோரு மாதம்தான் சம்பளம். சொந்த போனில், சொந்த டேட்டாவில், பிள்ளை தூங்கிய பிறகு அவர் எடுத்த பாட வீடியோக்கள் கல்லூரியின் யூடியூப் சேனலில் இருக்கின்றன. மே மாதம் அவருக்குச் சம்பளம் கிடையாது. வீடியோ மே மாதமும் ஓடும்.